வெட்டிக் கொடுத்த அட்டை

எங்கிருந்து ஆரம்பித்தாலும் இதை நான் தப்பாகத்தான் சொல்வேன். பழனியில் பஞ்சாமிர்த டப்பா வாங்கினதிலிருந்து சொன்னால் எல்லாவற்றையும் நானே திட்டம் போட்டுச் செய்த மாதிரி ஆகிவிடும். மேகலாவுக்குச் சளி பிடித்ததிலிருந்து சொன்னால் குற்றம் என் மகள் தலையில் போய் உட்காரும். இன்றைக்கு மத்தியானம் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அமலோற்பவம் சொன்ன கதையிலிருந்து ஆரம்பித்தால், அது தெரிந்த பிறகும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். கேட்கப்போவது யார் என்று தெரியாது. ஆனால் கேட்பார்கள், ஒரு மேசை இருக்கும், ஒருவர் கேட்க இன்னொருவர் எழுதுவார். எழுதுகிறவரைக் கண்டாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எட்டாவதோடு நின்றவள் நான். திருப்பூரில் இருபத்தாறு வருஷமாக பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு பீஸை மேசையில் விரித்தால் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் தானாகக் கண்ணில் படும், பட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பேன். ஒரு தடவை அனுப்பிய சரக்கில் உடைந்த ஊசி முனை இருந்ததென்று வெளிநாட்டிலிருந்து திருப்பிவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது நடந்ததை நடந்தபடியே சொன்னேன், ஆனால் வரிசையை மாற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தலைவலி என்பதை முதலில் சொன்னேன், அந்தப் பெட்டி என் மேசைக்கே வரவில்லை என்பதைக் கடைசியில் சொன்னேன். தலைவலியோடு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். எது முதலில் வாயிலிருந்து வருகிறதோ அதைத்தான் எழுதுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால் முதலில் எதைச் சொல்வது என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். எதிரே ஸ்டேடியத்தின் பெரிய திரையில் ஐந்து மணி ஆகிறது, ஓட்டத்துக்கு இன்னும் பத்து நிமிஷம். வெயில் இறங்கியும் நாற்காலி சுடுகிறது. என் இடது பக்கம் அமலோற்பவம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய மெரூன் ரெக்ஸின் பை, அதன் பக்கத்து அறையில் ஜிப் போய் ஊக்குக் குத்தியிருக்கிறது. என் கைப்பை என் மடியில். கைப்பைக்குள் பர்ஸ், பர்ஸுக்குள் அந்த மாத்திரை அட்டை.

அமலோற்பவத்தின் மகள் ஆன்சி. என் மகள் மேகலா. இந்தியாவுக்காக இந்த ரிலேயில் ஓடுகிற பெண்கள் நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். அவர்களில் யாருக்காவது ஒன்று ஆனால் இறக்குவதற்கென்று வெளியே உட்கார்ந்திருப்பவள் ஆன்சி. மேகலா ஓடுகிறவள், மூன்றாவது ஆள், வளைவில். இவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் அமலோற்பவம் எவ்வளவு சிரித்தாலும் சரி. என் மகளுக்கு ஒன்று ஆனால் அவள் மகள் ஓடுவாள். இதைத் தெரிந்துகொண்டுதான் எங்கள் இரண்டு பேரையும் பெரியமேட்டில் ஒரே லாட்ஜில் ஒரே அறையில் போட்டார்களா, இல்லை, தமிழ் பேசுகிற அம்மாக்கள் என்று ஒன்றாகப் போட்டார்களா, தெரியவில்லை. நாலு நாளாக ஒரே அறை, ஒரே கண்ணாடி. வந்த அன்றைக்கே அவள் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். வெள்ளையாக, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன், வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாக மூக்குக்குப் போய்விட்டது. அதற்கு அவள், "என்னக்கா, உங்க மூக்க ஏர்போர்ட்டுல வாடகைக்கு விடலாம் போலுக்கே. நாயி வேண்டாம், நீங்க போதும்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் குளிக்கப் போனதும் என் பங்கைக் காகிதத்தில் சுற்றி வைத்து, மறுநாள் அறையைக் கூட்ட வந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா அதற்கு அடுத்த நாளும் வந்து கூட்டினாள், நன்றாகத்தான் இருந்தாள். இருந்தாலும் நான் அமலோற்பவத்தின் பாட்டிலில் தண்ணீர் குடித்ததில்லை. அவள் பிளாஸ்கில் வாங்கி வந்த டீயை, எனக்கு இனிப்பு ஆகாது என்று சொல்லித் திருப்பிவிட்டேன். பிறகு, வெளியே இருந்த என் பஞ்சாமிர்தத்தில் ஏதாவது கலந்துவிட்டாளோ என்று நான் நக்கிப் பார்த்ததை அவள் கவனித்திருப்பாள். கவனித்தாளா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது, எப்போதும் ஒரே மாதிரி வெளிச்சமாக இருக்கிற முகம். அந்த மாதிரித் துணி வந்தால் நான் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன்.

அதோ வருகிறார்கள். நீலச் சட்டை, ஆறாவது தடம். மேகலா எதிர்ப்பக்கத்து வளைவு தொடங்குகிற இடத்துக்குத் தனியாக நடந்து போகிறாள். மற்ற மூவரும் வேறு வேறு மூலைக்குப் போய்விட்டார்கள், நாலு பேரும் ஒரே அணி என்கிறார்கள், ஆனால் நாலு பேரும் நாலு ஊர் மாதிரி நிற்கிறார்கள். இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவே இல்லை. தனியாக ஓடினால் அவள் காலை அவள் நம்பினால் போதும். இதில் முன்னால் நிற்கிறவள் திரும்பிப் பார்க்கக்கூடாதாம். பின்னால் ஒருத்தி குச்சியோடு பாய்ந்து வருவாளாம், இவள் அவளைப் பார்க்காமலே ஓட ஆரம்பித்து, பின்னாலிருந்து சத்தம் வந்ததும் கையைப் பின்பக்கம் நீட்ட வேண்டுமாம், உள்ளங்கையில் குச்சி வந்து விழுமாம். யார் கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்க்காமல் எப்படிக் கண்ணு கையை நீட்டறே என்று கேட்டேன். மேகலா சிரித்துவிட்டு, பார்த்தா தோத்துருவோம் அம்மா என்றாள். எப்போது ஓட ஆரம்பிப்பது என்பதற்கு மட்டும் ஒரு அடையாளம் இருக்கிறது. தான் நிற்கிற இடத்திலிருந்து பின்பக்கமாகப் பாதத்தோடு பாதம் வைத்து அளந்துகொண்டே போய், ஒரு இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டு வருவாள். குச்சியோடு வருகிறவள் அந்த டேப்பை மிதிக்கிற நொடியில் இவள் கிளம்ப வேண்டும். மேகலாவுக்கு இருபத்தாறு பாதம். ஒரு வருஷமாக இருபத்தாறு. மூன்று நாளைக்கு முன்னால் பயிற்சியில் மேகலா முன்கூட்டியே கிளம்பிக் கிளம்பி, இவளுக்குக் குச்சி கொண்டுவருகிற கேரளத்துப் பெண்ணால் எட்டிப் பிடிக்க முடியாமல் போயிற்று. அப்போது ஆன்சிதான் ஓரத்திலிருந்து ஓடி வந்து, உனக்கு மூச்சு சரியில்ல, கால் எடுக்கறது மாறிருச்சு, இருபத்துநாலுக்குக் கொண்டா என்று சொன்னாளாம். சொன்னதோடு நிற்காமல் டேப்பைப் பிய்த்து அவளே மாற்றி ஒட்டினாளாம். இதை மேகலா பெரிய உதவி மாதிரி என்னிடம் சொன்னாள். உட்கார்ந்திருக்கிறவள், ஓடுகிறவளின் அளவை எதற்குக் குறைக்கிறாள். இரண்டு பாதம் என்றால் என் கையால் இரண்டு சாண். இரண்டு சாணில் பின்னால் வருகிறவள் இவள் முதுகில் மோதிவிட்டால். இவளுக்கு மூச்சு சரியில்லை என்பது ஆன்சிக்கு எப்படித் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லாதே என்று மேகலா என்னிடம் கெஞ்சியிருந்தாள், டாக்டருக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிட்டு ஆன்சியை இறக்கிவிடுவார்கள் என்று. இதோ குனிந்து அளக்கிறாள். இவ்வளவு தூரத்திலும் எனக்கு அவள் பாதம் தெரிகிறது, கூடவே எண்ணுகிறேன். இருபத்துநாலில் நிறுத்திவிட்டு டேப்பை ஒட்டுகிறாள். பழைய இருபத்தாறிலேயே ஒட்டு என்று நான் அவ்வளவு சொல்லியும்.

சளி. சளியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தங்கியிருக்கிற ஓட்டலுக்குப் போய்க் கீழே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பயிற்சியில் அப்படி ஆன அன்றைக்கு மேகலாவின் மூக்கு சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டியா என்றேன். எந்த மாத்திரையும் போடக்கூடாது, சோதனையில் பிடித்துவிடுவார்கள், ஆவி பிடிக்கிறேன் என்றாள். சின்ன வயதிலிருந்தே மாத்திரைக்கு ஓடி ஒளிகிறவள்தான். வாழைப்பழத்துக்குள் வைத்து, வெல்லத்தில் வைத்து நான் கொடுக்காத மாத்திரை இல்லை. காய்ச்சல் மாத்திரை முழுவதும் என் கையால், அவளுக்குத் தெரியாமலே உள்ளே போனவைதான். ஊக்க மருந்து என்றால் ஊசி, பெரிய பெரிய பையன்கள் ஜிம்மில் குத்திக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். சளி மாத்திரையும் அதுவும் ஒன்றாகுமா. மறுநாள் காலை ஒரு மெடிக்கலுக்குப் போய், சளிக்கு, தூக்கம் வராத மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டான். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். ஓடுகிற பிள்ளைக்கு என்று சொல்லியிருந்தால் அவனே ஏதாவது சொல்லியிருப்பான். ஆனால் அவன் யாரோ, யாருக்குத் தெரிந்தவனோ, ரிலே ஓடுகிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதுமே. பத்து மாத்திரை அட்டையில் நாலை மட்டும் கத்தரியால் வெட்டிக் கொடுத்தான். பெயர் அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. என்னிடம் இருப்பது இங்கிலீஷில் ஒரு பெயரின் வால், மூன்று எழுத்து, அதன் கீழே பாதிப் பாதியாக வெட்டுப்பட்ட பொடி வரிகள். லாட்ஜில் அமலோற்பவம் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஜன்னல் கட்டையில் வைத்து டம்ளரின் அடியால் ஒன்றைப் பொடித்தேன். மஞ்சள் மாத்திரை. பஞ்சாமிர்தத்தில் கலந்து சின்ன எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். முருகா என்று சொல்லிக்கொண்டுதான் கலந்தேன், அதுவும் தப்புதான், பிரசாதத்தில் போய். தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. தலையில் துண்டோடு கதவருகில் நின்றுகொண்டு, "என்னக்கா இடிக்கீக?" என்றாள். ஏலக்காய் என்றேன். பஞ்சாமிர்தத்தில் ஏலக்காய் ஏற்கெனவே போட்டிருப்பார்களே என்றாள். எங்கள் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன். அவள் கண்ணாடி முன்னால் போய் நின்று தலையைத் துவட்டினாள். அன்று சாயங்காலம் ஒன்று, நேற்று ஒன்று, இன்று ஓட்டம் என்பதால் காலையில் பார்க்க விட்டார்கள், பத்து மணிக்கு ஒன்று. மூன்று குழி காலி, நாலாவதில் ஒன்று இருக்கிறது. பிரசாதம் என்றதும் மேகலா மறு பேச்சுப் பேசவில்லை, விரலால் வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "யாரு எது குடுத்தாலும் வாங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா. தண்ணி பாட்டில் மூடி தெறந்திருந்தாக்கூடக் கீழ ஊத்திர்றோம். உன்ற கையால மட்டுந்தான் சாப்படறேன்." நேற்றைக்கு மூக்குத் திறந்துவிட்டது, முருகன் கண் திறந்துவிட்டான் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

இன்று மூன்றரை மணிக்கு இங்கே வந்து உட்கார்ந்தோம். அமலோற்பவம் முறுக்கைக் கடித்துக்கொண்டே, யாரும் கேட்காமல், தானாக அந்தக் கதையை எடுத்தாள். ஆன்சியோடு முகாமில் இருந்த ஒரு பெண். தும்மலுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடி, இரண்டாவதாக வந்தாள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் கட்டாயம் பிடித்துக்கொண்டு போவார்களாம். பச்சை மேல்சட்டை போட்ட ஒருத்தி வந்து கையெழுத்து வாங்குவாளாம், பிறகு பாத்ரூம் வரைக்கும் நிழல் மாதிரி கூடவே வந்து, முன்னால் நின்று பார்த்து, ஒன்றுக்குப் போனதைப் புட்டியில் பிடித்து எடுத்துக்கொண்டு போவாளாம். "வெறும் சளி மாத்திரைதாங்க்கா. ரெண்டு வருசம் ஓடக்கூடாதுன்னுட்டாக. ரிலேன்னா இன்னும் மோசம், ஒருத்திக்குப் போச்சுன்னா நாலு பேரு மெடலும் போச்சு" என்றாள். எனக்கு முறுக்கு கடிபடுகிற சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. அப்படியானால் தெரியாமல் சாப்பிட்டவர்களுக்கு என்று கேட்டேன், குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. யாரோ கலந்து கொடுத்தார்கள் என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்கள், ஆனால் யார் கலந்தது என்று காட்ட வேண்டும் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, எந்த மாத்திரையாக இருந்தாலும் என்னிடம் காட்டுங்கள் அக்கா, பத்து வருஷம் தூத்துக்குடியில் மெடிக்கலில் நின்றவள் நான், பாதிப் பெயரைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன் என்றாள். பாதிப் பெயரை. ஏன் அந்த வார்த்தையைச் சொன்னாள். என் பர்ஸைத் திறந்து பார்த்திருக்கிறாளா. நான் குளிக்கப் போகும்போது பர்ஸைத் தலையணைக்குக் கீழேதான் வைத்துவிட்டுப் போனேன், ஒரே ஒரு நாள், நேற்று, மேசையில் வைத்துவிட்டேன். அப்போது திரையில் மூன்று ஐம்பது. நாலு மணி வரைக்கும் அணியில் பெயர் மாற்றலாம் என்பதையும் அவள்தான் சொன்னாள், அதைச் சொல்லும்போது கீழே ஆன்சி உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்த்தாள். நான் பர்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். காட்டினால் அவள் என்ன சொல்வாள். இது ஆபத்தான மாத்திரை, ஓடிப் போய் கோச்சிடம் சொல்லுங்கள் என்பாள், மேகலா உட்காருவாள், ஆன்சி ஓடுவாள், அதற்காக அப்படிச் சொல்லலாம். அல்லது, இது ஒன்றும் இல்லை அக்கா, பேசாமல் இருங்கள் என்பாள், மேகலா ஓடிப் பிடிபட்டால் அடுத்த இரண்டு வருஷமும் அந்த இடம் ஆன்சிக்கு, அதற்காக அப்படியும் சொல்லலாம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கறை. அவள் உண்மையைச் சொன்னாலும் அது உண்மை என்று எனக்கு எதைக் கொண்டு தெரியும். வேறு யாரிடம் காட்டுவது. முன் வரிசையில் தலைப்பாகை கட்டின அப்பா, பேச்சுப் புரியாது, புரிந்தாலும் அவர் மகள்தான் கடைசி ஆள், அவள் மெடலும் சேர்ந்துதான் போகும், என்னை விடுவாரா. மூன்று ஐம்பத்தைந்து. எழுந்து போய் நானே கோச்சிடம் சொல்லலாம். கோச் கேட்பார், யார் கொடுத்தது என்று. மேகலா பக்கத்தில் நிற்பாள். உன்ற கையால மட்டுந்தான் என்று சொன்ன வாய். அவள் என்னைப் பார்ப்பாள். அதோடு நான் எழுந்திருக்கவில்லை. மூன்று ஐம்பத்தெட்டு. அமலோற்பவம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், முகம் வியர்த்திருக்கிறது என்றாள், நான் வேண்டாம் என்றேன். நாலு. நாலு மணி ஒரு நிமிஷம் ஆனதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஒரு நிம்மதி, அதையும் யாரிடமும் சொல்லக்கூடாது.

இப்போது எல்லோரும் வாயில் விரலை வைத்த மாதிரி அமைதி. எட்டுப் பெண்கள் குனிகிறார்கள். நான் முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்காக இப்படி ஒருத்தி கேட்டிருக்க மாட்டாள், தோற்க வை. நாலாவதாகக் கொண்டுவா. அதுவும் வேண்டாம், குச்சி விழட்டும். குழந்தை விழ வேண்டாம், காலில் அடிபட வேண்டாம், வெறும் குச்சி மட்டும் நழுவிக் கீழே விழட்டும், ஊரே திட்டினாலும் ஒரு வாரம் திட்டும், அவ்வளவுதான். துப்பாக்கிச் சத்தம். எங்கள் அணியின் முதல் ஆள், ஒடிசாப் பெண், பாய்கிறாள், வளைவில் எட்டுப் பேரும் சாய்ந்து வருகிறார்கள், யார் முன்னால் யார் பின்னால் என்று புரியவில்லை, அமலோற்பவம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லென்று இருக்கிறது. குச்சி கேரளத்துப் பெண் கைக்கு மாறிவிட்டது, விழவில்லை. நேர்க்கோட்டில் வருகிறாள், பின்னல் முதுகில் அடித்துக்கொள்கிறது. மேகலா குனிந்து, தலையைத் திருப்பிக் கைக்குக் கீழே பின்பக்கம் டேப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருபத்துநாலு. இதுதான் சமயம், இங்கே மோதிக்கொள்வார்கள், ஆன்சி இதற்குத்தான் செய்தாள் என்றால் செய்யட்டும், இன்றைக்கு ஒரு நாள் அவள் கெட்டவளாக இருக்கட்டும், நான் அவளுக்கு வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பேன். டேப்பை மிதித்தாள். மேகலா கிளம்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று எட்டு, திரும்பிப் பார்க்கவே இல்லை, கையைப் பின்னால் நீட்டிவிட்டாள், வலது கை, பஞ்சாமிர்தத்தை வழித்த கை, விரலை விரித்துக்கொண்டு, வெறும் காற்றில், யார் வருகிறாள் எப்படி வருகிறாள் என்று ஒரு சந்தேகமும் இல்லாமல், நான் பெற்ற பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது. குச்சி அதில் போய் உட்கார்ந்தது. சத்தம்கூட இல்லை, ஒருவருக்கும் ஒரு எட்டுகூடக் குறையவில்லை, இருபத்துநாலு சரியான அளவு. ஆன்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அமலோற்பவம் என் முழங்கையை இறுக்கி, "பாத்தீகளா, பாத்தீகளா" என்கிறாள். மேகலா எங்களை நோக்கி வளைவில் வருகிறாள். ஆறாவதாக இருந்த அணி இப்போது நாலாவது, நாலு போதும் கண்ணு, நாலோடு நில்லு சாமி. நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டு ஓடுகிறாள், நான் திறந்துவிட்ட மூக்கு. எங்களுக்கு நேர் கீழே கடைசி ஆளான பஞ்சாபிப் பெண்ணின் கையில் குச்சியை அடித்துக் கொடுத்துவிட்டு, கொடுத்த வேகத்தில் நாலு எட்டுத் தள்ளாடி நிற்கிறாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தண்ணீர் மாதிரி சாய்ந்தது. திறந்தபோது திரையில் ஒன்றும் வரவில்லை, ஜனம் முழுக்கத் திரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. முதல் பெயர் வந்தது, இரண்டாவது வந்தது, இரண்டும் நாங்கள் இல்லை, நான் மூச்சு விட்டேன். மூன்றாவது நாங்கள்.

அமலோற்பவம் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை, கழுத்துச் சங்கிலியில் இருக்கிற சிலுவை என் தோளில் குத்துகிறது. நம்ம பிள்ளைங்க ஜெயிச்சிட்டாங்க்கா என்கிறாள். நம்ம பிள்ளைங்க. அவள் பிள்ளை ஒரு எட்டுகூட வைக்கவில்லை, இவள் எதற்கு அழுகிறாள், இந்தக் கண்ணீரை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது. முன்னால் தலைப்பாகைக்காரர் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். கீழே ஆன்சி எங்கிருந்தோ கொடியோடு ஓடி வந்து மேகலாவின் தோளில் போர்த்தி அவளைத் தூக்கிச் சுற்றுகிறாள். அந்தக் கொடிக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், கையில் தாள் வைத்த அட்டையோடு ஒருத்தி நடந்து வருகிறாள். பச்சை மேல்சட்டை. மற்ற மூன்று பெண்களையும் தாண்டி வருகிறாள். மேகலாவின் முன்னால் நின்று ஏதோ சொல்கிறாள், பேனாவை நீட்டுகிறாள். என் மகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாள். கவலையே இல்லாத முகம், யார் கையாலும் வாங்கிச் சாப்பிடாதவளுக்கு என்ன கவலை. போட்டுவிட்டு மேலே எங்களைத் தேடிக் கையை ஆட்டுகிறாள். பச்சைச் சட்டைக்காரி ஒரு எட்டுப் பின்னால், நிழல் மாதிரி. "ரெண்டு பேரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுதேன். பையப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் போனை எடுத்துக்கொண்டு கம்பித் தடுப்புப் பக்கம் இறங்கிப் போகிறாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பை என் பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் நின்றுகொண்டு கீழே பார்க்கிறார்கள், நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேன். அட்டையைப் பர்ஸிலிருந்து எடுக்கிறேன். மேலே என் விரல் பட்ட இடத்தை, கம்பெனியில் எண்ணெய்க் கறையைத் துடைக்கிற மாதிரி முந்தானையால் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைக்கிறேன். அவள் பையின் ஊக்கைக் கழற்றுவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, துருப் பிடித்திருக்கிறது. உள்ளே ஒரு ஜெபமாலை, பஸ் டிக்கெட், மடித்த மக்ரூன் காகிதம். அட்டையை அதற்கெல்லாம் அடியில் தள்ளிவிட்டு ஊக்கை முன்னால் குத்தியிருந்த அதே ஓட்டையில் குத்துகிறேன், தையல் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியும். ஒன்றும் ஆகாமலே போகலாம். அந்த மாத்திரையில் அப்படி ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் அவள் என்றைக்காவது பையைக் கொட்டி, இது ஏது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவாள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கேட்டால், எந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யார் கேட்டாலும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்பது இப்போது எனக்குக் கிடைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் நாலு நாள் ஒரே அறையில் இருந்தோம். அவள் பத்து வருஷம் மெடிக்கலில் நின்றவள். என் மகள் ஓடாவிட்டால் ஓட வேண்டியது அவள் மகள். நான் குளிக்கப் போகும்போது பஞ்சாமிர்த டப்பா வெளியேதான் இருந்தது. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, வரிசையும் சரியாக இருக்கிறது. மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அமலோற்பவம் படியேறி மேலே வருகிறாள், மூச்சு வாங்குகிறது, போனைக் காட்டுகிறாள், கொடிக்குள் இரண்டு பெண்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள், ஓரத்தில் ஒரு பச்சைத் தோள். "என்னக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு. இதையாவது குடிங்க" என்று தன் பாட்டிலை நீட்டுகிறாள். நாலு நாளில் முதல் தடவையாக வாங்குகிறேன். மூடியைத் திறந்து மோந்து பார்க்கவில்லை. அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை, வாய் வைத்தே குடிக்கிறேன்.